கோழி உறங்கும் நேரத்துச் சத்தம்

கோழிப்பண்ணை வந்தால் சத்தம் தாங்காது என்று மனு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோழி கத்துவதைத்தான் எழுதுகிறார்கள். பண்ணை வைக்கப் போகிறவரும் அதற்குத்தான் பதில் சொல்வார். "கறிக்கோழி கத்தாதுங்க சார். லைட்ட அமத்துனா அது பாட்டுக்குத் தூங்கிரும்." அவர் சொல்வது உண்மை. கறிக்கோழி என்பது உடம்பு மட்டும் பெருத்த 40 நாள் குஞ்சு. கூவுகிற வயதை அது எட்டுவதே இல்லை. முட்டைக்கோழிப் பண்ணையில் முற்பகலில் முட்டையிட்ட கோழிகளின் கொக்கரிப்பு கேட்கும். சேவலும் கலந்து வளரும் தாய்க்கோழிப் பண்ணையில் விடியலில் கூவல் உண்டு. மற்றபடி, ஊர்க்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது கோழியின் குரல் அல்ல. கோழியை உயிரோடு வைத்திருக்க ஓடும் இயந்திரங்களும், கடைசி நாளில் அதைப் பிடித்துப்போக வரும் வண்டியும்தான்.

நான் ஒலி அளக்கும் தொழிலில் இருப்பவன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் ஆலை, கல்குவாரி, அரிசி மில், ஜெனரேட்டர் என்று எதற்கும் ஒலிமானியைத் தூக்கிக்கொண்டு போவேன். இவற்றில் இன்னும் கட்டப்படாத ஒன்றின் சத்தத்தை முன்கூட்டிக் கணித்துச் சொல்வதுதான் கடினமான வேலை. அதிலும் கோழிப்பண்ணையைக் கணிப்பது தனி வேலை. ஆலைக்குத் தினமும் ஒரே சத்தம். பண்ணையின் சத்தமோ கோழியோடு சேர்ந்து வளர்கிறது.

முட்டைக்கு நாமக்கல், கறிக்கோழிக்குப் பல்லடம் என்று பெயர். பல்லடம், உடுமலைப் பக்கத்துப் பழைய கொட்டகைகள் சத்தமில்லாதவை. இரண்டு பக்கமும் கம்பி வலை, மேலே ஓடு அல்லது சிமென்ட் அட்டை, காற்று தானாக வந்து தானாகப் போகும். இப்போது கட்டப்படுபவை ஈ.சி. ஷெட்டுகள், அதாவது உள்சூழலைக் கட்டுப்படுத்தும் கொட்டகைகள். நான்கு பக்கமும் மூடி, ஒரு முனையில் தண்ணீர் ஊறும் கூலிங் பேடு, மறுமுனையில் 50 அங்குல விசிறிகள். விசிறி உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்க, பேடு வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. வெயில் காலத்தில் கோழியின் மேல் நொடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் வேகத்தில் காற்று ஓட வேண்டும். 400 அடி நீளம், 50 அடி அகலம் உள்ள ஷெட்டுக்கு அதற்குப் பத்து விசிறி வாக்கில் தேவைப்படும்.

பத்தும் எப்போதும் ஓடுவதில்லை. குஞ்சு வந்து இறங்கிய முதல் வாரம் உள்ளே 32, 33 டிகிரி சூடு வேண்டும். அப்போது ஒன்றிரண்டு விசிறி மட்டும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி நிற்கும். கோழி வளர வளர அதன் உடம்புச் சூடும் கூடும், கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றாக விசிறிகளைக் கிளப்பும். பங்குனி, சித்திரையில் வளர்ப்பின் கடைசி வாரமும் சேர்ந்துகொண்டால் பத்து விசிறியும் ராத்திரி முழுக்க நிற்காது. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணையில் மாதிரிக்கு அளந்துவிட்டு வந்தேன் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த மாதம், எத்தனையாவது நாள் கோழி? மார்கழியில் இரண்டாம் வாரக் குஞ்சு இருக்கும்போது அளந்த எண் சித்திரை ராத்திரிக்குச் செல்லாது.

அந்தச் சித்திரை ராத்திரியில்தான் கொங்குநாட்டுத் தோட்டங்களில் ஆட்கள் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி, படுக்கையறைக்குள் இரவில் சராசரி 30 டெசிபல், திடீரென எழும் உச்சம் 45 டெசிபல் என்று வரம்பு சொன்னது. ஜன்னல் லேசாகத் திறந்திருந்தாலும் வெளிச்சத்தம் உள்ளே வரும்போது 15 டெசிபல் குறையும் என்று எடுத்துக்கொண்டு, வெளியே 45 வரை இருக்கலாம் என்று அது கணக்கிட்டது. வாசலில் படுத்தவருக்கு அந்த 15 கிடையாது. வருடத்தில் எந்த ராத்திரியில் விசிறிச் சத்தம் உச்சத்தில் இருக்குமோ, அதே ராத்திரியில் கேட்கிறவர் சுவரை விட்டு வெளியே வந்திருக்கிறார். புத்தகத்தில் இந்தக் கணக்கு இல்லை. சம்பந்தப்பட்ட ஊரில் போய் நின்றால்தான் தெரியும்.

சட்டம் இந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்று சொல்லியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாட்டை நான்கு வகையாகப் பிரிக்கின்றன: தொழிற்பகுதி, வணிகப்பகுதி, குடியிருப்பு, அமைதி மண்டலம். குடியிருப்புக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. தோட்டம், காடு, கிராமம் என்று தனி வகை கிடையாது. ஆகவே, மாமரமும் தென்னையும் சூழ்ந்த சாளை என்ற தோட்டத்து வீட்டுக்கும், விடிய விடிய ஆட்டோ ஓடும் நகரத்துத் தெருவுக்கும் ஒரே 45. நகரத்துத் தெருவில் 45 என்பது கிடைக்காத வரம். குடிமங்கலம் பக்கத்துத் தோட்டத்தில், காற்றில்லாத தை மாத ராத்திரி இரண்டு மணிக்கு என் கருவி 28 காட்டும். அங்கே 45 என்றால் காதுக்கு மூன்று மடங்குக்கும் மேல் சத்தம். 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கானதுபோல் நமக்குத் தோன்றும்.

கோழிப்பண்ணைக்கென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்களும் உண்டு. முதலில் ஒரு லட்சம் கோழிக்கு மேற்பட்ட பெரும் பண்ணைகளை மட்டுமே அவை கண்டுகொண்டன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் தலையிட்ட பிறகு, 5,000 கோழிக்கு மேல் வளர்ப்பவர்களும் இசைவாணை வாங்க வேண்டும் என்றானது. குடியிருப்புப் பகுதியிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதில் வருகிறது. இந்தத் தூரம் ஈயையும் நாற்றத்தையும் மனதில் வைத்துச் சொன்னது, சத்தத்தை வைத்து அல்ல. தவிர, கொங்குநாட்டில் விவசாயக் குடும்பத்தினர் பலர் ஊருக்குள் இல்லை, தோட்டத்துச் சாளையில் இருக்கிறார்கள். ஊர் எல்லையிலிருந்து 500 மீட்டர் சரியாக விட்டுக் கட்டிய ஷெட்டுக்கு 150 மீட்டரில் ஒரு சாளை இருக்கும். வரைபடத்தில் அது குடியிருப்புப் பகுதி இல்லை. அங்கே ஒரு கிழவியும் இரண்டு எருமையும் ஒரு கைக்குழந்தையும் இருப்பார்கள்.

எங்கள் தொழிலில் பலபேர் செய்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. நிலத்தின் நான்கு மூலையிலும் தலா பத்து நிமிடம் கருவியை வைத்து, 'பகல் 52.4, இரவு 43.1, வரம்புக்குள் உள்ளது' என்று முடித்துவிடுவார்கள். கட்டாத ஷெட்டின் நிலத்தில் இன்றைக்கு எவ்வளவு சத்தம் என்பதை அந்த அறிக்கை சொல்கிறது. நாளைக்கு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரி இருக்காது. இரவு அளவு என்பதும் பல சமயம் ராத்திரி 10 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில், கிராமத்தில் கடைசி பஸ் போய் நாய்கள் அடங்குவதற்குள் எடுத்ததாக இருக்கும். காசு வாங்கிக்கொண்டு இப்படி எழுதிக்கொடுப்பது, பண்ணைக்காரருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சேர்த்துச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். ஷெட்டைக் கட்டி முடித்தபின் விசிறியைத் திருப்பி வைக்க முடியாது.

சராசரி என்பது எவ்வளவு மறைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 30 டெசிபல் அமைதி உள்ள இடத்தில், ராத்திரி ஒரு மணிக்கு லாரி ஒன்று வந்து ஒரே ஒரு நிமிடம் 70 டெசிபல் சத்தம் போட்டுவிட்டுப் போகிறது. வாசலில் படுத்திருந்த எல்லோரும் எழுந்துவிடுவார்கள், குழந்தை அழும். அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி 52. இரவு முழுவதும், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் பரப்பினால் 43. சட்டம் சொல்லும் 45-க்குள் அடங்கிவிட்டது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை, வீட்டில் ஒருவரும் தூங்கவும் இல்லை.

அதனால் நான் இரண்டு எண்களைத் தனியாக எடுப்பேன். ஒன்று, உச்சம். இரண்டு, பின்னணி: அளக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு எந்த அளவுக்குக் கீழே சத்தம் இறங்கவே இல்லையோ அந்த அளவு. போகிற பைக், குரைக்கிற நாய் எல்லாம் விலகி, அந்த இடத்தின் அடிப்படை அமைதி இதில் தெரியும். பிரிட்டனில் 'பி.எஸ். 4142' என்றொரு தரநிலை 1967-லிருந்து இருக்கிறது. இப்போது புழக்கத்தில் உள்ளது 2014-இல் திருத்தி எழுதியது. ஷ்ராப்ஷயர், ஹெரிஃபோர்ட்ஷயர் போன்ற அவர்களுடைய கோழிப்பண்ணை மாவட்டங்களில் புதுப் பண்ணைக்கு அனுமதி கேட்டால் இதன்படிதான் அளக்கிறார்கள். வரப்போகும் சத்தத்தை அவ்விடத்துப் பின்னணியோடு ஒப்பிட வேண்டும். 5 டெசிபல் கூடினால் பாதிப்பு வரலாம், 10 கூடினால் கடும் பாதிப்பு. சத்தத்தில் ஒரே சுருதி ரீங்காரம் இருந்தால் 6 வரை, திடும் திடுமென்ற அடி இருந்தால் 9 வரை தண்டனை மதிப்பெண்ணாகக் கூட்ட வேண்டும். நம் சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனாலும் என் அறிக்கையில் இதை எழுதாமல் விட்டதில்லை. சட்ட எண் ஒரு பத்தியில், இந்த ஒப்பீடு அடுத்த பத்தியில்.

பண்ணைக்காரர் பக்க நியாயத்தையும் அந்தத் தரநிலை பார்க்கிறது. பின்னணி 20, வரப்போவது 31 என்றால் வித்தியாசம் 11 தான். அதற்காக அதைக் கடும் பாதிப்பு என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டுமே அத்தனை தாழ்ந்திருக்கும்போது மொத்த அளவையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

பின்னணியை அளப்பது அமைதியை அளப்பது. அதற்குக் காலம் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று. அப்போது தென்னந்தோப்பே இரைந்துகொண்டிருக்கும். கருவியின் பஞ்சுக் குல்லாவை மீறி மைக்கில் காற்று மோதும். நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் அளவைத் தள்ளிவிட வேண்டும் என்பது தொழில் வழக்கம். ஆடியில் அளந்து 'இந்த ஊரில் பின்னணி 45' என்று எழுதினால் எந்தப் பண்ணையும் தேறிவிடும். தை, மாசியில், காற்று அடங்கிய ராத்திரியில் அளக்க வேண்டும். அப்போது இன்னொன்றும் நடக்கிறது. தரை குளிர்ந்து மேலே காற்று வெதுவெதுப்பாக நிற்பதால், மேலே போகும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. பகலில் கேட்காத கோயில் மணி அந்த நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் தாண்டிக் கேட்பது இதனால்தான்.

மழைக்குப் பின் அளக்கப் போனால் தவளையும் சில்வண்டும் கருவியை நிரப்பிவிடும். சில்வண்டின் ஒலி 4,000, 5,000 ஹெர்ட்ஸ் உயரத்தில் இருக்கும். விசிறியின் ஒலியோ பெரும்பாலும் 500-க்குக் கீழே. கருவி இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும், காது அப்படிக் கூட்டாது. வண்டு எவ்வளவு கத்தினாலும் அடியில் ஓடும் விசிறியின் உறுமல் தனியாகக் கேட்கும். எனவே, அலைவரிசை வாரியாகப் பதிவு செய்து 1,250 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை நீக்கிப் பார்ப்பேன். 41 என்று நின்ற பின்னணி அப்படி நீக்கியதும் 27-க்கு இறங்கியதைக் கண்டிருக்கிறேன்.

இந்தத் தோட்டத்து அமைதிக்கு நேர் எதிரானவை சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறி ஊர்கள். இரண்டு ஷிப்டும் தறி அடித்துக்கொண்டிருக்கும் தெருவில் ஈ.சி. ஷெட்டின் விசிறியை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அங்கேயும் தறி நிற்கும் நாளைப் பார்த்துத்தான் அளப்பேன். அவர்களுக்கும் வாரத்தில் ஒரு ராத்திரி அமைதி உண்டு, அதுவும் கணக்கில் வர வேண்டும்.

உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவே ஒரு விவசாயி, கிணற்றில் தண்ணீர் போன பின் பத்து ஏக்கரில் ஒரு மூலையை ஒதுக்கி ஷெட் போட நினைத்தார். கோழிக் கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. 25,000 கோழி, பத்து விசிறி. கிழக்கே 200 மீட்டரில் பங்காளி வீட்டுச் சாளை. இரண்டு குடும்பத்துக்கும் வாய்க்கால் தகராறு ஏற்கெனவே உண்டு. பங்காளி மனு எழுதினார், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விளக்கம் கேட்டது, என்னைக் கூப்பிட்டார்கள்.

வரைபடத்தைப் பார்த்தேன். வெயில் சுவரில் படாமலிருக்க ஷெட்டைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் போடுவார்கள், அது சரி. விசிறி முனை கிழக்கே இருந்தது, அதற்கும் காரணம் உண்டு. ஆடிக்காற்று மேற்கிலிருந்து வருவதால் விசிறி அதை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை. கம்பெனிப் பொறியாளர் அப்படித்தான் எல்லா ஷெட்டையும் போடச் சொல்வார். ஆனால் கிழக்கே சாளை. விசிறி எந்தப் பக்கம் காற்றை ஊதுகிறதோ அந்தப் பக்கம்தான் சத்தமும் அதிகம்.

கணக்கை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் கண்முன்னே போட்டேன். ஒரு விசிறிக்கு 10 மீட்டரில் 60 டெசிபல். ஒரே மாதிரியான பத்து சேர்ந்தால் 10 கூடி 70. தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 குறையும். 200 மீட்டருக்கு மொத்தம் 26 கழித்தால் சாளை வாசலில் 44.

"நாப்பத்தஞ்சுக்குள்ள வந்துருச்சுங்களே சார். அப்பறம் என்னங்க?"

"வந்துருச்சுங்க. ஆனா அங்க இப்ப ராத்திரி இருபத்தெட்டுங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சட்டத்துக்குள் வந்துவிட்டதே என்று சண்டை போடுவார் என்று நினைத்தேன். "அவனுக்கும் எனக்கும் ஆகாதுங்க. அதுக்காக அந்தாத்தாளத் தூங்கவுடாமப் பண்ணோணும்னு இல்ல. அது என்னையும் தூக்கி வளத்துனதுங்க" என்றார். பங்காளியின் தாயைச் சொன்னார்.

44 என்ற எண் இன்னொன்றையும் மறைக்கிறது. அந்த விசிறி நிமிடத்துக்கு 440 சுற்று வாக்கில் சுற்றும். ஆறு இறக்கை என்றால் நொடிக்கு 44 தடவை காற்றை அடிக்கும், அது மிகத் தாழ்ந்த ஒலி. நாம் எழுதும் டெசிபல் எண், காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துப் போட்டது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடும், 125-இல் 16. பக்கத்தில் ஓடும் இரண்டு விசிறிகளின் பெல்ட் தளர்ச்சியில் வித்தியாசம் இருந்தால் வேகத்தில் இம்மி பிசகும். அப்போது இரண்டு ஒலியும் கூடிக் கூடிப் பிரிந்து, ஏறி இறங்கி அலைபோல் வரும். ஒரே சீராக ஓடும் சத்தத்துக்குக் காது பழகிவிடும், ஏறி இறங்குவதற்குப் பழகாது. பெல்ட்டை மாதம் ஒருமுறை ஒரே இழுப்பில் இறுக்கி வைப்பதும் ஷட்டர் தகடுகள் படபடக்காமல் பார்த்துக்கொள்வதும் செலவில்லாத வேலைகள். அறிக்கையில் அவற்றையும் நிபந்தனையாக எழுதினேன்.

மரம் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். வேலியோரம் இரண்டு வரிசை மரம் வைத்தால் தூசி கொஞ்சம் தங்கும், இறகு பறக்காது, கண்ணுக்கு ஷெட் மறையும். சத்தம் ஏறக்குறைய அப்படியே போகும். பல பத்து மீட்டர் ஆழத்துக்கு அடர்ந்த காடு இருந்தால்தான் சில டெசிபல் குறையும். 'மரம் நட்டு ஒலி கட்டுப்படுத்தப்படும்' என்று எழுதியிருக்கும் அறிக்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை நம்பி மனுவைத் திரும்பப் பெற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒலியைத் தடுக்க வேண்டுமானால் மண் கரையோ சுவரோ வேண்டும். வாசலில் நிற்கிறவர் கண்ணுக்கு விசிறி தெரியாத அளவு உயரம் வேண்டும். விசிறிக்கு மூச்சுமுட்டாதபடி தள்ளியும் இருக்க வேண்டும்.

கடைசியில் விசிறி முனையை மேற்கே திருப்புவது என்று முடிவானது. சாளைக்கும் விசிறிக்கும் இடையே தூரம் 120 மீட்டர் கூடுகிறது, அதற்கு 4 டெசிபல். ஊதும் திசை மாறி, ஷெட்டே நடுவில் மறைவாக நிற்பதால் 6 என்று குறைத்தே வைத்துக்கொண்டேன். 44 என்பது 34 ஆனது. மேற்கே அவருடைய தென்னந்தோப்பும் அதைத் தாண்டி ஓடையும்தான், வீடு கிடையாது. ஆடிக்காற்றுக்கு என்ன செய்வது என்று பொறியாளர் கேட்டது நியாயமான கேள்வி. விசிறிக்கு 15 மீட்டர் தள்ளி, ஷெட்டுக்கு அடித்தளம் தோண்டிய மண்ணையே கொட்டிக் கரை போடச் சொன்னேன். காற்றுக்கும் அது மறைவு.

இன்னொரு யோசனையும் சொன்னேன். அவருக்கு அதுதான் உடனே பிடித்தது, மின்கட்டணத்தைப் பற்றியது என்பதால். எட்டு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதும் பத்தையும் 80 சதவீத வேகத்தில் ஓட்டுவதும் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் இழுக்கும். ஆனால் விசிறிக்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் மாறும். 80 சதவீதத்தில் ஒவ்வொன்றும் பாதி மின்சாரம்தான் தின்னும். எட்டு விசிறியின் செலவு ஐந்துக்கு இறங்கும். சத்தமும் ஒவ்வொன்றுக்கும் 5 டெசிபல் வாக்கில் குறையும். வேகத்தை மாற்றும் கருவிக்கு முதலில் பணம் போட வேண்டும், போட்டார்.

கணக்கு என் பேச்சு, அதை ஊர் நம்ப வேண்டிய அவசியமில்லை. எனவே வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஏப்ரலில், இதே அளவுள்ள வேறொரு ஈ.சி. ஷெட்டில் கோழி கடைசி வாரத்தில் இருந்தபோது, அனுமதி வாங்கி இரண்டு வீட்டாரையும் ராத்திரி 11 மணிக்கு வேனில் அழைத்துப்போனேன். முதலில் விசிறிப் பக்கம் 200 மீட்டரில் நின்றோம். பிறகு ஷெட்டைச் சுற்றி வந்து பேடு பக்கம், அதே தூரத்தில். ஒருவரும் பேசக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். பங்காளியின் தாயும் வந்திருந்தார். விசிறிப் பக்கம் நின்றபோது, "ஏங்கண்ணு, இது எந்நேரத்துக்கு நிக்கும்?" என்று கேட்டார். விடிய நிற்காது என்றேன். பேடு பக்கம் வந்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கேக்குது. ஆனா தூங்கிக்கலாம்" என்றார். இந்த இரண்டு பக்க வித்தியாசம் கட்டுவதற்கு முன்பே காதால் தெரிந்துகொள்ள வேண்டியது. எந்த எண்ணும் அந்த வேலையைச் செய்யாது.

அவரிடம் நான் சத்தமே வராது என்று சொல்லவில்லை. 34 என்றாலும் பின்னணி 28-ஐவிட 6 அதிகம், ரீங்காரத்துக்கு இன்னும் இரண்டோ நாலோ சேர்க்க வேண்டும். கேட்கத்தான் செய்யும். ஐரோப்பாவுக்கென்று 2009-இல் உலக சுகாதார நிறுவனம் இரவுக்கு வெளிப்புறத்தில் சொன்ன 40-க்குக் கீழே இருக்கும், அவ்வளவே என் உறுதி.

கரண்ட் போவதையும் மறக்கக் கூடாது. மூடிய ஷெட்டில் விசிறி நின்றால் சித்திரை வெயிலில் கோழி சாவதற்கு அதிக நேரம் பிடிக்காது, ஆகையால் ஜெனரேட்டர் கட்டாயம். கூண்டு போட்ட ஜெனரேட்டருக்குச் சட்டப்படி ஒரு மீட்டரில் 75 டெசிபல்தான் வரம்பு. அது பிரச்சினையில்லை, எந்த மூலையில் வைக்கிறோம் என்பது மட்டும்தான். ஆனால் மின்சாரம் போனதும் ஆளை எழுப்ப ஷெட் கூரையில் சைரன் ஒன்று மாட்டுவார்கள், அது அரைக் கிலோமீட்டருக்குக் கேட்கும். செல்போனுக்கு அழைப்பு வரும் கருவியும், காவலாளி அறைக்குள் ஒரு மணியும் போதும் என்று எழுதினேன். முட்டைக்கோழிப் பண்ணையாக இருந்தால் தீவன அரவை இயந்திரமும் சேரும். நாமக்கல் பக்கம் மக்காச்சோளத்தைப் பண்ணையிலேயே அரைப்பார்கள், விசிறியை விட அந்தச் சுத்தியல் மில் கடுமையானது. பகலில் மட்டும் ஓட்டினால் முக்கால்வாசித் தீர்ந்துவிடும்.

தீராதது கோழி பிடிக்கிற ராத்திரி. சூடு தணிந்த நேரத்தில் ஏற்றினால்தான் வழியில் சாகாது என்பதால் நள்ளிரவில்தான் வண்டி வரும். காலிப் பெட்டியை லாரியிலிருந்து கீழே வீசுவது, நிரம்பியதை மேலே தள்ளுவது, எடை போடும்போது எண்ணிக்கையைக் கத்துவது, பின்னோக்கி வரும் லாரியின் டீக் டீக். ஒவ்வொரு பெட்டி விழும் உச்சமும் 200 மீட்டரில் 55, 60 காட்டும். வளர்ப்புக்கு ஒருமுறை, ஓரிரு ராத்திரிதானே என்பார்கள். வருடத்துக்கு ஆறு தடவை வளர்ப்பு. ஷெட்டில் கோழியின் எடை கூடக் கூடப் பகுதி பகுதியாகப் பிடித்தால் ராத்திரிகள் கூடும். சராசரியில் இது தெரியவே தெரியாது.

அடுத்த ஆண்டு சித்திரையில், கோழி கடைசி வாரத்தில் இருந்தபோது மறுபடி போய் அளந்தேன். இதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. இசைவாணை நிபந்தனையில் சேர்க்கும்படி நான்தான் வற்புறுத்தியிருந்தேன், விவசாயியும் ஒப்புக்கொண்டிருந்தார். சாளை வாசலில் 36 வந்தது, கணித்ததைவிட 2 அதிகம். மண் கரையில் பட்டுத் திரும்பிய ஒலி காரணமாக இருக்கலாம். கரையின் உட்சரிவில் புல் வளர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அம்மா விசிறியைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. வண்டியைத்தான் சொன்னார். ஏற்றும் இடத்தைச் சாளைக்குத் தெரியாத மேற்கு மூலைக்கு மாற்றி, தரையில் பழைய ரப்பர் பாய் விரித்தாயிற்று. வீசாமல் கைமாற்றி இறக்கும்படி ஆட்களிடம் விவசாயி நேரில் நின்று சொல்கிறார். உச்சம் 50-க்குக் கீழே வந்திருக்கிறது. நேரம் மட்டும் அவர் கையில் இல்லை. எந்த ராத்திரி எந்த ஷெட்டுக்கு வண்டி என்பதைக் கம்பெனியில் அன்றைய விலையையும் தேவையையும் பார்த்து மாலையில்தான் முடிவு செய்கிறார்கள். வண்டி வரும் நாளை இரண்டு நாள் முன்னதாகவாவது தெரிவிக்க வேண்டும், ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் ஏற்றக் கூடாது என்று அறிக்கையின் ஒரு பிரதியை அவர்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். முதலாவதற்குச் சரி என்றார்கள். இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வளர்ப்புக்குக் குஞ்சு இறங்கும்போது மறுபடி கேட்பேன்.